ஆவடியில் டேங்க் எத்தனை வகை?

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய செங்கல்பட்டு மாவட்ட வருவாய்த் தாள்களைப் புரட்டினால் ஒரு சொல் விடாமல் துரத்தும்: டேங்க். ஏரி, குளம், தாங்கல், ஏந்தல், ஊருணி என்று நம்மவர்கள் தரம் பார்த்துப் பெயர் வைத்திருக்க, வெள்ளைக்கார அதிகாரிகள் எல்லாவற்றையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டார்கள். இன்று 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரியும் டேங்க்தான், நாலு பக்கமும் படிக்கட்டு வைத்த கோயில் குளமும் டேங்க்தான்.

இன்னொரு பக்கம், ஆவடியில் 'டேங்க் ஃபேக்டரி' என்றால் ஆட்டோக்காரர் நேரே கனரக வாகனத் தொழிற்சாலைக்கு வண்டியை விடுவார். ஏரிக்கும் போர் வண்டிக்கும் பெயர்ப் பொருத்தம் எப்படி வந்தது?

தேடியபோது முதலில் சிக்கியது 1886-இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி. தொகுத்தவர்கள் ஹென்றி யூலும், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னெலும். இந்தச் சொல்லுக்கு இரட்டைப் பிறப்பு என்கிறார்கள். குஜராத், ராஜஸ்தான் பக்கம் நிலத்தடி நீர்த்தொட்டிக்கு வழங்கும் 'டாங்கா' ஒன்று, போர்த்துக்கீசியர் குளத்தைக் குறிக்கும் 'டாங்க்கே' மற்றொன்று. மேற்குக் கரைத் துறைமுகங்களில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அடுத்த தடயம் இங்கிலாந்தின் லிங்கன் நகரில். 1915-இல் அங்கே ஃபாஸ்டர் ஆலையில் உருவான போர் இயந்திரத்தை அதிகாரிகள் தங்களுக்குள் 'நிலக்கப்பல்' என்றார்கள். வெளியே கசிந்தால் வம்பு. மெசபடோமியாவுக்குப் போகும் தண்ணீர் வண்டி என்று கதை கட்டினார்கள். இரும்புத் தகட்டில் செய்த பெரிய பெட்டிக்கு அந்தக் கதை கச்சிதமாகப் பொருந்தியது. டிசம்பர் 24 அன்று 'டேங்க்' என்ற பெயரே முடிவானது. 1916 செப்டம்பர் 15-இல் அது பிரான்சில் களமிறங்கிய பிறகு ரகசியம் போயிற்று, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அரசாங்கம் சொன்ன பொய் அகராதிக்குள் நுழைந்த கதை இது!

ஆவடியில் முதல் டேங்க்கான விஜயந்தா வெளியே வந்தது 1965-இல். விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. பிறகு அஜேயா, அர்ஜுன்.

நம் நாளிதழ்கள் போர் வண்டியை 'டாங்கி' என்றும் தண்ணீர்த் தொட்டியை 'டேங்க்' என்றும் எழுதிக் குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டன. நல்ல ஏற்பாடு. பேச்சில் அது செல்லுபடியாகவில்லை. ஆவடிக்காரர் 'டேங்க்' என்றால் மொட்டைமாடியா, தொழிற்சாலையா, பைக்கா என்பதை அடுத்த சொல்தான் காட்டிக்கொடுக்கும். ஆனால் வருவாய்த் தாள்களில் ஆயிரம் முறை எழுதிய ஏரி, குளம் என்ற அந்தப் பழைய பொருளுக்கு மட்டும் அவர் வாயில் இடமில்லை. நுங்கம்பாக்கத்தில் ஏரி தூர்ந்துபோய் 'டேங்க் பண்ட் ரோடு' என்ற பெயர் மிஞ்சியிருக்கிறது. தண்ணீர் இன்னும் நிற்கும் இடங்களில் அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, பருத்திப்பட்டு ஏரி என்றுதான் பேச்சு.