நஞ்சுப் பதிவேட்டிலிருந்து நலம் விசாரிப்பு வரை

இலங்கையில் முன்னைய தலைமுறையினர் 'அப்போதிக்கரி' என்ற சொல்லை நன்கு அறிவர். கிராமத்து டிஸ்பென்சரியில் இருந்து, நோயையும் பார்த்து, மருந்தையும் கொடுத்து, வீட்டுச் சுகதுக்கங்களையும் விசாரித்து அனுப்பியவர் அவர். அச்சொல் ஐரோப்பியரிடமிருந்து எமக்கு வந்தது. இலண்டனில் அப்போதிக்கரிகள் 1617 ஆம் ஆண்டு வரை பலசரக்கு வணிகர்களின் சங்கத்தில்தான் உறுப்பினர்களாக இருந்தார்கள். அந்த ஆண்டிலேயே முதலாம் ஜேம்ஸ் மன்னரின் சாசனத்தின் மூலம் தனிச் சங்கமாகப் பிரிந்தார்கள். மிளகும் கிராம்பும் விற்ற மேசையிலிருந்து பிறந்த தொழில் இது. பண்டத்தை விற்றால் போதுமா, வாங்குபவரையும் அறிந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி அன்றிலிருந்து இத்தொழிலைத் தொடர்ந்து வருகிறது.

இந்தக் கேள்விக்குச் சட்டம் முதன்முதலில் விடை சொன்னது அச்சத்தினால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் எலி ஒழிப்பதற்கென ஆசனிக் நஞ்சு மிக மலிவாக விற்கப்பட்டது. அது கொலைக்கும் பயன்பட்டது. 1851 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஆசனிக் சட்டத்தை நிறைவேற்றியது. வாங்குபவரின் பெயர், முகவரி, அளவு, நோக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும். விற்பவருக்கு அறிமுகமில்லாத ஒருவருக்கு, இருவரையும் அறிந்த சாட்சி ஒருவர் இல்லாமல் விற்கக் கூடாது. சீனி என்றோ மா என்றோ தவறாக எண்ணிவிடாதவாறு புகைக்கரியோ நீலச்சாயமோ கலந்தே சில்லறையாக விற்க வேண்டும். சட்டமூலத்தில் பெண்களுக்கு ஆசனிக் விற்கலாகாது என்றொரு திருத்தமும் சேர்க்கப்பட்டிருந்தது. தத்துவ அறிஞர் ஜோன் ஸ்டுவர்ட் மில் அதனைக் கண்டித்து உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். இறுதிச் சட்டத்தில் அந்த வாசகம் இடம்பெறவில்லை.

ஆனால் விற்பவர் எத்தகைய பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பதை அச்சட்டம் கூறவில்லை. அதன் விலையை 1858 ஒக்டோபரில் பிராட்போர்ட் நகரம் கொடுத்தது. இனிப்புப் பண்டம் செய்பவர் ஒருவர், சீனியுடன் மலிவாகக் கலக்கும் வெண்ணிறத் தூளை வாங்கி வருமாறு ஆள் அனுப்பினார். மருந்து வணிகர் சுகவீனமுற்றிருந்தார். கடையில் நின்ற உதவியாளர் வேறொரு பீப்பாயிலிருந்து ஆசனிக்கை அள்ளிக் கொடுத்துவிட்டார். அந்த இனிப்பை உண்டவர்களில் சுமார் 20 பேர் இறந்தனர். 200 பேருக்கு மேல் நோயுற்றனர். நஞ்சு விற்பனையைப் பதிவு பெற்ற மருந்தாளர்களிடம் ஒப்படைத்த 1868 ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டத்துக்கு வழியமைத்த நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. கடை மேசையில் நிற்பவரின் அறியாமை உயிரைக் குடிக்கும் என்பதை அந்த உதவியாளரின் கை உலகுக்கு உணர்த்தியது.

அதன் பின்னர் ஒரு நூற்றாண்டு காலம் மருந்தாளர் கல்வி பொருளைப் பற்றிய கல்வியாகவே வளர்ந்தது. எந்த மருந்து, எந்த அளவு, எதனுடன் எதைச் சேர்க்கலாகாது என்பனவே அதன் சாரம். மனநோயாளர் அக்கடைகளுக்கு வருவது குறைவு. அவர்களுள் பலர் பெரிய மனநல வைத்தியசாலைகளின் மதில்களுக்குள் அடைபட்டிருந்தார்கள். 1950 களின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும் ஏறக்குறைய 150,000 பேர் அவ்வாறு இருந்தனர்.

1952 இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசீன் என்னும் மருந்து உளநோயாளருக்குக் கொடுக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து வேறு மருந்துகளும் வந்தன. 1961 இல் பிரித்தானிய சுகாதார அமைச்சர் இனொக் பவல், பழைய மனநல வைத்தியசாலைகளின் காலம் முடிய வேண்டும் என்று அறிவித்தார். மேற்கு நாடுகள் பலவற்றில் மதில்கள் திறக்கப்பட்டன. நோயாளர் வீடு திரும்பினர். மருந்துச் சீட்டுடன் அவர்கள் அடுத்து நின்ற இடம் தெருமுனை மருந்துக்கடை.

இங்கேதான் ஓர் இடைவெளி தோன்றியது. மனநல வைத்தியரை நோயாளர் மாதத்துக்கு ஒருமுறை காண்பார். சில வேளைகளில் அதுவும் இல்லை. மருந்துக்கடைக்காரரை அதைவிட அடிக்கடி காண்கிறார். மனச்சோர்வுக்கான மருந்துகள் பயன் தரச் சில வாரங்கள் ஆகும்; பக்க விளைவுகளோ முதல் நாட்களிலேயே தோன்றிவிடும். ஆகவே பலர் இடையில் நிறுத்திவிடுகிறார்கள். வழமையாக வருபவர் இம்மாதம் வரவில்லை என்பதை முதலில் அறியக்கூடியவர் கடையில் நிற்பவரே. அறிந்தும் என்ன பேசுவது என்று அவருக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை.

அவுஸ்திரேலியாவில் இந்த இடைவெளி பற்றிச் சிந்தித்தவர்களுள் அந்தனி ஜோர்ம் முக்கியமானவர். உளநோய்களை இனங்காணவும், அவற்றுக்கு உதவி நாடவும் வேண்டிய பொது அறிவை 'உளநல எழுத்தறிவு' என்று 1997 இல் அவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் பெயரிட்டார்கள். அவருடைய துணைவியார் பெற்றி கிச்னர், இளமையிலேயே மனச்சோர்வின் கொடுமையை அனுபவித்தவர். உடற்காயத்துக்கு முதலுதவி இருக்கும்போது மனக்காயத்துக்கு ஏன் இருக்கலாகாது என்று இருவரும் கேட்டனர். 2000 ஆம் ஆண்டில் கன்பரா நகரில் 'உளநல முதலுதவி' என்ற பயிற்சி பிறந்தது. முதலில் 9 மணி நேரமாக இருந்த அது பின்னர் 12 மணி நேரமாக விரிந்தது. இப்போது உலகின் பல நாடுகளில் அது கற்பிக்கப்படுகிறது.

பயிற்சியின் உள்ளடக்கம் எளிமையானது. அருகில் சென்று பேசுதல், ஆபத்து உண்டா என அறிதல், குற்றம் காணாது செவிமடுத்தல், நம்பிக்கையும் தகவலும் தருதல், தகுந்த மருத்துவ உதவியை நாடத் தூண்டுதல், குடும்பத்தவர் நண்பர்களின் துணையைத் தேடச் செய்தல் என்பனவே அவை. ஒருவரிடம் 'உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா' என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்தவர்களாவோம் என்பது பலரின் நம்பிக்கை. அது தவறு என்பதும், அக்கறையுடன் கேட்பதே பாதுகாப்பானது என்பதும் இதில் கற்பிக்கப்படும் முக்கியமான பாடம்.

சிட்னிப் பல்கலைக்கழகத்தில் மருந்தியல் மாணவர்களுக்கு இப்பயிற்சி அளிக்கப்பட்டது. பயிற்சி பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்ட ஆய்வு 2011 இல் வெளியானது. பயிற்சி பெற்றவர்களிடம் மனநோயாளர் மீதான ஒதுக்கல் மனப்பான்மை குறைந்திருந்தது. அவர்களுக்கு உதவ முடியும் என்ற தன்னம்பிக்கை வளர்ந்திருந்தது. பின்னர், கடுமையான உளநோயுடையோருக்கு மருந்துக்கடைகளிலேயே தனித்தனி ஆதரவு வழங்கும் பரீட்சார்த்தத் திட்டமொன்று கிறிபித், சிட்னிப் பல்கலைக்கழகங்களின் முயற்சியால் அந்நாட்டின் நான்கு பிராந்தியங்களில் நடைபெற்றது. அதிலும் ஊழியர்களுக்கான உளநல முதலுதவிப் பயிற்சி ஓர் அங்கமாக இருந்தது.

பயிற்சி ஒருபுறம் இருக்க, விற்பனை விதியும் உயிரைக் காக்கும். 1998 செப்டெம்பரில் பிரித்தானியா, பரசிற்றமோல் பெட்டியொன்றில் விற்கக்கூடிய குளிசைகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. அதனை அடுத்த 11 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அம்மருந்தினால் ஏற்பட்ட மரணங்கள் 43 வீதத்தால், அதாவது 765 மரணங்களால், குறைந்தன என்று 2013 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. துயரின் உச்சக் கணத்தில் ஒரு சிறு தடையும் ஒரு சிறு தாமதமும் மனிதரை மீட்டுத் தருகின்றன.

இதற்கு இலங்கையைவிடச் சிறந்த சான்று இல்லை. 1995 இல் எமது நாட்டில் 100,000 பேருக்கு 47 பேர் தற்கொலையால் மாண்டனர். அது அன்று உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. அதி நச்சுத்தன்மை வாய்ந்த பீடைநாசினிகள் 1995 முதல் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. 2008 முதல் 2011 வரையான காலத்தில் பரகுவாட் முதலியனவும் நீக்கப்பட்டன. விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அதன் பின்னரும் ஆய்வாளர்கள் ஓயவில்லை. அநுராதபுர மாவட்டத்தில் பீடைநாசினி விற்கும் கடைக்காரர்களுக்குப் பயிற்சியளித்து, மனக்கலக்கத்துடன் வருபவரை இனங்கண்டு விற்க மறுக்க அவர்களால் முடியுமா என்று ஆராய்ந்தார்கள். 1851 இல் கொலைகாரனைப் பிடிக்க எழுந்த கேள்வி, துயருற்றவரைக் காக்கும் கேள்வியாக எமது வயற்புறக் கடையில் மீண்டும் எழுந்தது.

ஒரு மயக்கத்தைத் தவிர்த்தாக வேண்டும். சில மணி நேரப் பயிற்சி எவரையும் மனநல வைத்தியராக்கிவிடாது. கடையின் நெரிசலில் நீண்ட உரையாடலுக்கு இடமுமில்லை. எமது ஊர்களில் இதைவிடப் பெரிய தடை ஒன்றுண்டு. சீட்டை நீட்டுபவருக்குப் பின்னால் அயலவர் நிற்பார். 'இது விசருக்குக் குடுக்கிற மருந்தல்லோ' என்று உள்ளிருந்து ஒரு குரல் உரத்துக் கேட்டால், அந்த மனிதர் மறுமாதம் அக்கடைக்கு வரமாட்டார், மருந்தையும் நிறுத்திவிடுவார். தவறான குளிசையைக் கொடுப்பதற்கு ஒப்பான தீங்கு அது. தணிந்த குரலில், ஒரு பக்கமாக அழைத்து, 'மருந்து ஒத்துக்கொள்கிறதா, நித்திரை வருகிறதா' என்று கேட்பதற்குச் செலவாவது இரண்டு நிமிடம்.

போரும் ஆழிப்பேரலையும் தாண்டி வந்த சமூகம் நாம். எமக்குத் தேவையான அளவில் மனநல வைத்தியர்கள் என்றுமே இருந்ததில்லை. மருந்துக்கடைகளோ சந்திக்குச் சந்தி இருக்கின்றன. அவற்றில் நிற்கும் இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் மருந்தின் பெயர்களோடு மனிதரின் முகத்தை வாசிக்கவும் கற்பித்தால், அப்போதிக்கரி எமது ஊரில் செய்த வேலையின் பாதியை நாம் மீட்டுக்கொண்டவர்களாவோம்.