விளக்கமில்லாப் பங்கு லாபமும் வருமான வரி வழக்குகளும்: வடசென்னையிலிருந்து ஒரு வரலாறு

பங்குகளை விற்றுக் கிடைத்த பணமோ முதலீட்டில் வந்த தொகையோ ஒருவரிடம் இருந்து, அது எப்படி வந்தது என்று அவர் கூறும் விளக்கத்தை வருமான வரித் துறை ஏற்காவிட்டால், அத்தொகை 'விளக்கமில்லா வருமானம்' எனக் கொள்ளப்படும். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 68ஆம் பிரிவும் அதை அடுத்த 69 வரிசைப் பிரிவுகளும் இதைப் பற்றியவை. இப்பிரிவுகளின் கீழ் எழுந்த வழக்குகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தன. நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது, வரி கட்டுபவருடையதா, அதிகாரியுடையதா? இக்கேள்விக்கான விடை உருவானதில் சென்னையிலிருந்து சென்ற வழக்குகளுக்கும் பங்கு உண்டு.

வடசென்னையும் பங்குகளும்

தென்னிந்தியாவில் பங்கு வணிகம் வளர்ந்த இடம் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய பகுதி. சென்னைப் பங்குச் சந்தை 1920இல் தொடங்கப்பட்டது. முதல் முயற்சி நீடிக்கவில்லை. தரகர்களின் எண்ணிக்கை வேகமாகச் சரிந்து, 1923இல் சந்தை மூடப்பட்டது. 1937இல் அது மீண்டும் தொடங்கியது. 1957இல் மறுசீரமைக்கப்பட்டு அரசின் அங்கீகாரத்தைப் பெற்றது. ராஜாஜி சாலைக்குப் பின்னால் உள்ள செகண்ட் லைன் பீச் சாலையில் அதன் கட்டிடம் இருந்தது. அங்கிருந்து வடக்கே சென்றால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்.

அந்தச் சந்தையில் கைமாறிய பங்குகளில் சில இந்த வடக்குக் கரையிலேயே பிறந்தவை. 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி (எம்.ஆர்.எஃப்.) 1961இல் பொது நிறுவனமானது. 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் தொழிற்சாலை அமைத்து, 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1954இல் தொடங்கப்பட்ட கார்போரண்டம் யுனிவர்சலும் திருவொற்றியூரில் ஆலை அமைத்தது. 1965இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கான நிறுவனம் உருவானது.

இவற்றுள் சில பங்குகள் பிற்காலத்தில் பன்மடங்கு விலை ஏறின. 2023 ஜூன் 13 அன்று எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்றின் விலை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியச் சந்தையில் அந்த விலையை எட்டிய முதல் பங்கு அதுவே. பெருமடங்கு லாபம் என்பது மட்டுமே பொய்யின் அடையாளம் ஆகாது என்பதற்கு இது கண்முன் உள்ள சான்று.

வரியும் அதற்கு எழுந்த எதிர்ப்பும்

இந்தியாவில் வருமான வரியை 1860இல் ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்தார். அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் அதை எதிர்த்தார். தமது எதிர்ப்புக் குறிப்பைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட்டதால் அதே ஆண்டில் அவர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார்.

நெடுங்காலம் பங்கு விற்ற லாபத்துக்கு முதலீட்டாளர் வரி கட்ட வேண்டியதில்லை. பங்கு வாங்கி விற்பதையே தொழிலாகக் கொண்டவரின் லாபத்துக்கு மட்டும் வரி இருந்தது. எனவே தொடக்ககால வழக்குகள் ஒருவர் முதலீட்டாளரா வியாபாரியா என்பதைப் பற்றியே எழுந்தன. மூலதன ஆதாய வரி 1947இல் முதன்முதலாக வந்து, விரைவிலேயே கைவிடப்பட்டது. பொருளியல் அறிஞர் நிக்கோலஸ் கால்டோரின் பரிந்துரைக்குப் பின் 1956இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

இதற்கிடையே, இரண்டாம் உலகப் போர்க்கால லாபத்தைக் கணக்கில் காட்டாதவர்களை விசாரிக்க 1947இல் ஒரு விசாரணை ஆணையம் சட்டத்தின் மூலம் அமைந்தது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த சர் எஸ். வரதாச்சாரியார் அதன் தலைவரானார். ஆணையத்தின் நடைமுறை, சாதாரண வரி விசாரணையைவிடக் கடுமையானது. வரி ஏய்த்தவர்களில் சிலரை மட்டும் அந்த நடைமுறைக்கு உட்படுத்துவது சமத்துவ உரிமைக்கு முரண் என்று, சென்னையிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 1955 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

சந்தேகமும் சான்றும்

1950களில் உச்ச நீதிமன்றம் வழங்கிய சில தீர்ப்புகள் இன்றைய வழக்குகளுக்கும் அடித்தளமாக உள்ளன. அவை இரு திசைகளில் செல்கின்றன.

ஒரு திசை துறைக்குச் சாதகமானது. மதுரை மீனாட்சி மில்ஸ் வழக்கில், இடைத்தரகர்களின் பெயரில் நடந்த விற்பனைகள் உண்மையில் ஆலைக்கே உரியவை, எனவே அவற்றின் லாபமும் ஆலையுடையதே என்று தீர்ப்பாயம் முடிவு செய்திருந்தது. 1956இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. சூழ்நிலைச் சான்றுகளைக் கோத்து உண்மையைக் கண்டறியும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு என்பது இதனால் உறுதிப்பட்டது. கணக்கில் உள்ள ஒரு தொகையின் மூலத்தை ஒருவரால் நிறுவ முடியாவிட்டால், அது வரிக்குரிய வருமானமே என்று அதிகாரி ஊகிக்கலாம் என 1958இல் மற்றொரு தீர்ப்பு கூறியது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 68ஆம் பிரிவு இக்கருத்தையே சட்டமாக்கியது.

மறுதிசை வரி கட்டுபவருக்குப் பாதுகாப்பானது. அதிகாரி சாட்சியச் சட்டத்தின் நுட்பங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். ஆனாலும் வெறும் ஊகத்தின் மேல் வரி விதிக்க முடியாது, சந்தேகத்தைவிடக் கூடுதலாக ஏதேனும் வேண்டும் என்று 1954இல் டாகேஸ்வரி காட்டன் மில்ஸ் வழக்கில் தீர்ப்பானது. சென்னை வருமான வரி ஆணையர் எதிர்த்தரப்பாக இருந்த 1959ஆம் ஆண்டு வழக்கு ஒன்றிலும், சந்தேகமும் அனுமானமும் சான்றின் இடத்தைப் பிடிக்க முடியாது என்ற கொள்கை வலியுறுத்தப்பட்டது.

இவ்விரு திசைகளுக்கும் இடையே 'மனித நிகழ்தகவு' என்ற அளவுகோல் பின்னர் வந்தது. பெங்களூரில் கலைப்பொருள் வணிகம் செய்த ஒருவர், 1971-72 மதிப்பீட்டு ஆண்டுக்கு 3,11,831 ரூபாயைக் குதிரைப் பந்தயத்தில் வென்றதாகக் காட்டினார். பெங்களூர், சென்னை, ஐதராபாத் பந்தய மன்றங்களில் வென்றதாகச் சொல்லி அதற்கான ஆவணங்களையும் வைத்திருந்தார். ஆனால் குறுகிய காலத்துக்குள் அத்தனை ஜாக்பாட் பரிசுகள் ஒருவருக்கே விழுவது இயல்பா என்று விசாரணையில் கேள்வி எழுந்தது. ஆவணத்துக்குப் பின்னால் உள்ள உண்மையைச் சுற்றுச்சூழலை வைத்துப் பார்க்கலாம் என்று 1995 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் துறையின் முடிவை ஏற்றது. இன்றைய பங்கு லாப வழக்குகளில் துறை தவறாமல் எடுத்துக்காட்டும் தீர்ப்பு இதுவே.

வரிவிலக்கும் பென்னி பங்குகளும்

2004 அக்டோபர் 1 முதல், பங்குப் பரிவர்த்தனை வரி செலுத்திச் சந்தையில் விற்கப்படும் பங்குகளை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த லாபத்துக்கு வருமான வரி இல்லை என்றாயிற்று. இது சட்டத்தின் 10(38) பிரிவு. உண்மையான முதலீட்டாளர்களுக்கு இது நன்மை. கூடவே, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்க விரும்பியவர்களுக்கும் இது வழி திறந்தது.

அந்த முறை பின்வருமாறு செயல்பட்டது. பெயரளவில் மட்டும் இயங்கும் ஒரு சிறு நிறுவனத்தின் பங்குகளைப் பயனாளி சில ரூபாய் விலையில் வாங்குவார். ஓராண்டு காலத்தில் தரகர்கள் தமக்குள்ளேயே வாங்கி விற்று அதன் விலையைப் பல மடங்கு ஏற்றுவர். பயனாளி தன்னிடமுள்ள கணக்கில் வராத ரொக்கத்தைத் தரகரிடம் கொடுப்பார். அந்த ரொக்கம் சில போலி நிறுவனங்களின் வழியாகச் சுற்றி வந்து, அதே பங்குகளை உயர்ந்த விலைக்கு வாங்கும். பயனாளியின் வங்கிக் கணக்கில் பணம் சேரும். அது வரியில்லா லாபம். தரகருக்குக் கமிஷன்.

இத்தகைய வழக்குகளில் ஆவணங்களில் குறை இருப்பதில்லை. தரகரின் ஒப்பந்தச் சீட்டு, டீமேட் அறிக்கை, வங்கிக் கணக்கு, பரிவர்த்தனை வரி செலுத்திய சான்று யாவும் ஒழுங்காக இருக்கும். நிறுவனத்தின் வருவாய்க்கும் பங்கின் விலைக்கும் மட்டும் தொடர்பு இராது.

2014 டிசம்பர் முதல் செபி இத்தகைய சில நிறுவனங்களின் பங்குகளில் வணிகம் செய்தவர்கள்மீது இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் போதிய சான்று இல்லை என்று அவர்களில் பலர்மீதான தடையை விலக்கியது. 2015இல் கொல்கத்தா வருமான வரிப் புலனாய்வுப் பிரிவு 84 பென்னி பங்குகளைப் பட்டியலிட்டது. கறுப்புப் பணம் குறித்து நீதிபதி எம்.பி. ஷா தலைமையில் இயங்கிய சிறப்புப் புலனாய்வுக் குழுவும் அதே ஆண்டில் இம்முறையைச் சுட்டிக்காட்டியது. அதன்பின் அந்தப் பட்டியலில் இருந்த பங்குகளை விற்றவர்களுக்குச் சென்னை உட்பட நாடெங்கும் நோட்டீஸ் சென்றது. பங்கு விலை ஏற்றத்தில் தொடர்பில்லாமல் சந்தையில் தற்செயலாக வாங்கி விற்றவர்களும் அதே வலையில் அகப்பட நேர்ந்தது.

நீதிமன்றங்களின் மாறுபட்ட முடிவுகள்

இவ்வழக்குகளில் வரி கட்டுபவர் தரப்பு பொதுவாக இரண்டு குறைகளை முன்வைத்தது. ஒன்று, கொல்கத்தா தரகர்களின் வாக்குமூலத்தை வைத்து வரி விதித்துவிட்டு, அதன் நகலைத் தரவில்லை என்பது. மற்றொன்று, அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்பளிக்கவில்லை என்பது. 2015இல் ஒரு கலால் வரி வழக்கில், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதிக்காதது உத்தரவையே செல்லாததாக்கும் கடுமையான குறை என்று உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. சென்னை வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2018இல் பென்னி பங்கு வழக்குகளை, இக்குறைகளைக் களைந்து புதிதாக விசாரிக்கும்படி மதிப்பீட்டு அதிகாரிக்கே திருப்பி அனுப்பியது.

உயர்நீதிமன்றங்கள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. விலை அதிர்ச்சி தரும் அளவு ஏறியது என்பது மட்டும் போதாது, அந்த நபர் பணம் கொடுத்து வாங்கினார் என்பதற்குச் சான்று வேண்டும் என்று 2021 ஜனவரியில் தில்லி உயர்நீதிமன்றம் கூறியது. முழுச் சூழலையும் பார்த்தால் லாபம் இயல்பானதல்ல, அது உண்மையானது என நிறுவும் பொறுப்பு வரி கட்டுபவருடையதே என்று 2022 ஜூன் 14 அன்று கொல்கத்தா உயர்நீதிமன்றம் கூறியது. முன்னது 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழியிலும், பின்னது 1995ஆம் ஆண்டுத் தீர்ப்பின் வழியிலும் நிற்பவை.

வரியின் கனம்

விளக்கமில்லா வருமானத்துக்குத் தனி விகிதத்தில் வரி விதிக்கும் 115பிபிஇ பிரிவு 2012இல் சேர்க்கப்பட்டது. அப்போது விகிதம் 30 சதவீதம். பணமதிப்பு நீக்கத்தை அடுத்து 2016 டிசம்பரில் அது 60 சதவீதமாக்கப்பட்டது. கூடுதல் வரியும் அப்போதைய செஸ்ஸும் சேர்ந்து 77.25 சதவீதமானது. 10 லட்சம் ரூபாய் லாபம் உண்மையெனக் கொள்ளப்பட்டால் அப்போது 10(38) பிரிவின்படி வரி ஏதும் இருக்கவில்லை; பொய்யெனக் கொள்ளப்பட்டால் 7,72,500 ரூபாய் வரி, அதன்மேல் அபராதம். எந்தச் செலவையும் நட்டத்தையும் இதில் கழிக்க முடியாது. இந்த உயர்ந்த விகிதம் 2017 ஏப்ரல் 1க்குப் பிந்தைய பரிவர்த்தனைகளுக்கே பொருந்தும் என்று 2024 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது.

காகிதப் பங்குகளின் சிக்கல்

பென்னி பங்கில் ஆவணம் நிறைந்திருந்து உண்மை குறைகிறது. பழைய காகிதப் பங்கில் இது தலைகீழ். 1970களில் வாங்கிய எண்ணூர் அல்லது திருவொற்றியூர் ஆலையின் பங்குச் சான்றிதழ் ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருக்கலாம். வாங்கிய ரசீது இருக்காது. வாங்கிக்கொடுத்த தரகர் இருக்கமாட்டார். செகண்ட் லைன் பீச் சந்தையே 2015 மே மாதம் செபியின் உத்தரவின்படி பங்குச் சந்தை என்ற தகுதியிலிருந்து விலகிவிட்டது. 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை அப்படியே விற்க முடியாது. டீமேட் வடிவுக்கு மாற்றியாக வேண்டும். விற்ற பணம் பெருந்தொகையாக வங்கியில் சேரும்போது கேள்வி எழுகிறது.

இங்கே உதவுபவை சிறு காகிதங்கள்தாம். பங்குப் பதிவாளரின் கடிதம், சான்றிதழின் பின்புறமுள்ள மாற்றப் பதிவு, போனஸ் பங்கு ஒதுக்கீட்டுக் கடிதம், ஈவுத்தொகை வாரண்டின் அடிக்கட்டை, டீமேட் மாற்ற விண்ணப்பத்தின் நகல் ஆகியவை பங்கு எத்தனை ஆண்டுகளாக யாரிடம் இருந்தது என்பதை நிறுவுகின்றன. வாங்கிய விலை தெரியாவிட்டாலும், 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியவற்றுக்கு அந்நாளின் சந்தை மதிப்பைக் கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது.

பிந்தைய மாற்றங்கள்

10(38) விலக்கு 2018 மார்ச் 31 உடன் முடிந்தது. அதன்பின் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட நீண்டகால லாபத்துக்கு 10 சதவீத வரி வந்தது. 2024 ஜூலை 23 முதல் அது 12.5 சதவீதம், விலக்கு வரம்பு ஆண்டுக்கு 1.25 லட்சம். 2020 ஏப்ரல் முதல் ஈவுத்தொகைக்கும் பங்குதாரரே வரி கட்டுகிறார். 2021 முதல் ஒருவரது பங்கு விற்பனையும் ஈவுத்தொகையும் வட்டியும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் துறைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகின்றன. லாபத்துக்கு வரி வந்ததால் பென்னி பங்கு முறையின் கவர்ச்சி குறைந்தது. ஆனால் விலக்கு இருந்த ஆண்டுகளுக்கான மேல்முறையீடுகள் அதன் பின்னரும் தொடர்ந்தன.

1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வருவதாக அமைந்தது. விளக்கமில்லா வருமானம் பற்றிய பிரிவுகள் புதிய எண்களுடன் அதிலும் இடம்பெற்றுள்ளன. நிரூபிக்கும் பொறுப்பு முதலில் வரி கட்டுபவருடையது என்ற நிலை மாறவில்லை. அவர் ஆவணங்களைக் காட்டிய பின், அவற்றைப் பொய்யென்று சொல்ல அதிகாரிக்கு எவ்வளவு சான்று வேண்டும் என்பதில்தான் 1954 முதல் இழுபறி நீடிக்கிறது.