வீடு தேடி வந்த மருத்துவம்: ஆய்க்குடி காட்டும் வழி

நடக்க வேண்டிய பருவத்தில் நடவாத குழந்தையைக் கண்டால், "முன்வினைப் பயன்" என்று கூறி ஒதுங்கிக் கொள்வது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். இச்சொல் நமக்குப் புதியதன்று. பொதுக்கிணற்றில் நீர் மொள்ளவும் பள்ளியின் படியேறவும் நம் முன்னோர்க்குத் தடை விதித்தவர்களும் இதே முன்வினையையே காரணம் காட்டினர். பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்ட இழிவை மறுத்தெழுந்த நாம், நம் வீட்டுக் குழந்தையின் மீது அதே தீர்ப்பை எழுதலாமா? இவ்வினாவை நெஞ்சில் நிறுத்தி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான மருத்துவம் தமிழகத்துச் சிற்றூர்களை வந்தடைந்த வரலாற்றைக் காண்போம்.

இவ்வரலாற்றின் முன்னோடிகளுள் ஒருவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இரு கால்களும் செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. முடங்கியவரையும் உழைத்துண்ணும் நிலைக்குக் கொணரலாம் என்பதை அது நாட்டுக்கு மெய்ப்பித்தது. ஆயினும் வேலூர் எங்கே, நம் மம்சாபுரம் எங்கே!

நம் திசைக்கு அவ்வொளி வந்தது ஆய்க்குடியின் வாயிலாக. திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வழியாகத் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் கடையநல்லூரைக் கடந்தால், தென்காசிக்கு அருகே அமைந்துள்ள சிற்றூர் அது. அவ்வூரில் பிறந்த இராமகிருஷ்ணன் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-இல் பெங்களூரில் நடந்த கடற்படைத் தேர்வில் விழுந்து அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். புனே இராணுவ மருத்துவமனையில் அவருக்கு ஊக்கமளித்தவர் டாக்டர் அமர்ஜித் சிங் சாகல். அம்மருத்துவரின் பெயரால், 1981-இல், தம் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தை இராமகிருஷ்ணன் நிறுவினார். ஐக்கிய நாடுகள் அவை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்த ஆண்டும் அதுவே. பின்னர், தசைச்சிதைவு நோயுற்றவரும் தணிக்கையாளருமான சங்கரராமன் அவருடன் தோள் சேர்ந்தார். சிறிய அளவில் தொடங்கிய பணி, பள்ளியும் சிகிச்சைக் கூடமும் தொழிற்பயிற்சியும் கொண்ட வளாகமாக வளர்ந்தது. 2020-இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது விருதையன்று. வளாகத்தைக் கட்டியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை என்பதே முதன்மையானது. மூளை முடக்குவாதமுற்ற குழந்தைக்கு ஒருநாள் மருத்துவம் போதாது. பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள், இடைவிடாப் பயிற்சி வேண்டும். வயலிலும் நூற்பாலையிலும் நாட்கூலிக்கு உழைக்கும் தாய், குழந்தையை இடுப்பில் சுமந்து பேருந்து ஏறினால் அன்றைய கூலி போயிற்று. இரண்டு வாரம் வருவாள். மூன்றாம் வாரம் நின்றுவிடுவாள். குற்றம் அவளுடையதா? அன்று, தொலைவினுடையது, வறுமையினுடையது.

ஆகவே மருத்துவம் வீட்டுக்குச் சென்றது. ஊர்ப்புறத்தைச் சேர்ந்தோரே பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று, குழந்தையை எவ்வாறு அமர்த்துவது, எவ்வாறு நிறுத்துவது, எவ்வாறு உணவூட்டுவது எனத் தாய்க்கும் பாட்டிக்கும் கற்பித்தனர். இயன்முறை மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் அவர்களுக்கு வழிகாட்டினர். கைக்கணினியில் பதியப்பட்ட குறிப்புகளின் துணையால், தொலைவிலிருந்தும் வல்லுநர் குழந்தையின் முன்னேற்றத்தைக் கண்காணிக்க முடிந்தது.

காலம் இதில் உயிர்நாடி. பிறந்தது முதல் முதற்சில ஆண்டுகளில் மூளை விரைந்து வளர்கிறது. அப்போது அளிக்கும் பயிற்சி மிகுந்த பயன் தரும். தாமதித்தால் தசைகள் சுருங்கும்; மூட்டுகள் இறுகும். நான்கு மாதமாகியும் தலை நிற்காத குழந்தை, ஒன்பது மாதமாகியும் உட்காராத குழந்தை, பதினெட்டு மாதமாகியும் நடவாத குழந்தை ஆகியோரை உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருத்தல் தகாது.

விதி என்று நம்பப்பட்டது வீழ்ந்ததற்குச் சான்று வேண்டுமா? எத்தனையோ குழந்தைகளை முடக்கிய இளம்பிள்ளை வாதம், சொட்டு மருந்தால் ஒழிந்தது. 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் அந்நோய் எவரையும் இயற்கையாகத் தொற்றியதாகக் காணப்படவில்லை. 2014-இல் நம் நாடு அந்நோயற்றது எனச் சான்றளிக்கப்பட்டது. சட்டமும் வளர்ந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொன்றை ஏற்று, அரசுப் பணியில் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கும் வழிவகுத்தது. இட ஒதுக்கீட்டின் அருமையை நம்மினும் அறிந்தவர் யார்?

அன்பார்ந்த இளைஞர்களே! கல்வியால் நாம் உயர்ந்தோம் என்று இவ்வெள்ளி விழாவில் மகிழ்கிறோம். அக்கல்வி, பள்ளிக்கு நடந்து வரக்கூடிய குழந்தைக்கு மட்டும் உரியதாயின் அது பாதிக் கல்வியே. உங்களுள் சிலர் இயன்முறை மருத்துவம் பயிலுங்கள். மற்றவர், தெருவில் பின்தங்கி நிற்கும் குழந்தையைக் கண்டறிந்து, மாற்றுத்திறனாளிச் சான்றும் அடையாள அட்டையும் பெற அக்குடும்பத்துக்குத் துணை நில்லுங்கள். ஒதுக்கப்பட்டதன் வேதனை அறிந்த நாம், நம்முள் ஒருவரையும் ஒதுக்கோம் என்று உறுதி கொள்வோம்.