ஒப்பந்தப்புள்ளியில் விலைப்பேச்சு: யார் யாரோடு பேசலாம்?

அரசு ஒப்பந்தப்புள்ளியில் ஒருவர் கோரும் விலை, உறை திறக்கப்படும் நேரம்வரை மற்றவர் அறியாததாக இருக்க வேண்டும். ஆயினும் விலை குறித்த பேச்சு அதற்கு முன்னும் பின்னும் நடக்கிறது. தகராறு எழும்போது நாம் முதலில் கேட்க வேண்டியது, பேசியவர் யார், யாரோடு, எப்போது என்பதே.

போட்டியாளர்கள் தமக்குள் பேசுவது

இது சட்டவிரோதச் செயல்பாடு. வழக்கில் 'சிண்டிகேட்' எனப்படும் இக்கூட்டினை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம், பிரிவு 3(3) தடை செய்கிறது. இந்திய உணவுக் கழகம் 2009இல் கோரிய அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஒப்பந்தப்புள்ளியில், மூன்று நிறுவனங்கள் கிலோவுக்கு 388 ரூபாய் என ஒரே விலையைக் குறித்திருந்தன. அது தற்செயல் அன்று என்ற முடிவை 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எழுத்துவடிவ உடன்பாடு கிடைக்காவிடினும், சூழ்நிலைச் சான்றுகள் போதும் என்பதே இவ்வழக்கு நமக்குத் தரும் பாடம்.

அதிகாரி பேசுவது

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவின்மைச் சட்டம், 1998, பிரிவு 10 இதற்கு ஒரே ஒரு வாயிலைத் திறக்கிறது. மிகக் குறைந்த விலையும் சந்தை விலையை விட மிகுதியாக இருந்தால், அவ்விலையைக் கோரியவரிடம் மட்டும் குறைக்கும்படி பேசலாம். ஒன்றிய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளும், தவிர்க்க முடியாத சூழலில் மட்டுமே இதற்கு இடமளிக்கின்றன. இரண்டாம், மூன்றாம் இடத்தவரை அழைத்துப் பேசினால், வேண்டியவருக்கு வேலையைத் திருப்பிவிட வழி பிறக்கும்.

பேச்சில் இடம்பெறாதவர்

தூய்மைப் பணி போன்ற ஆள்வழங்கு ஒப்பந்தங்களில் விலையின் பெரும்பகுதி ஊதியமே. அப்பணியில் பெரும்பாலோர் தலித் மக்கள். குறைந்தபட்ச ஊதியம், வேலையளிப்பவர் செலுத்தும் 12 விழுக்காடு வருங்கால வைப்புநிதி, 3.25 விழுக்காடு இ.எஸ்.ஐ. ஆகியவற்றில் எவரும் பேரம் பேச இயலாது. பேரத்துக்குரியது ஒப்பந்தக்காரரின் சேவைக் கட்டணமும் கருவிச் செலவும் மட்டுமே. இறுதி விலை இச்சட்டச் செலவுகளின் கூட்டுத்தொகைக்கும் கீழே இறங்கினால், அந்தக் 'குறைந்த விலை' தொழிலாளியின் கூலியிலிருந்து வெட்டி எடுக்கப்படுகிறது. கையுறையும் காலணியும் வழங்கப்படாமல் போவதும் இங்கிருந்தே தொடங்குகிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் திரண்ட தூய்மைப் பணியாளர்கள், பணி தனியாரிடம் போனால் ஊதியம் குறையும் என்று முறையிட்டதை நாம் இப்பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டிய ஆவணங்கள்

ஒப்பந்தம் முடிவான பின், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நான்கினைக் கோரலாம்: துறையின் மதிப்பீட்டு விலை, விலை ஒப்பீட்டுப் பட்டியல், பேச்சுவார்த்தைக் குறிப்பு, ஏற்பு ஆணை. வணிக இரகசியம் என்று மறுத்தால், பொதுநலன் மேலோங்கும்போது தகவல் தரலாம் எனும் பிரிவு 8(2)ஐச் சுட்டி மேல்முறையீடு செய்யலாம். கிடைத்த விலையைத் தொழிலாளர் எண்ணிக்கையால் வகுத்து, சட்டச் செலவுகளோடு ஒப்பிட வேண்டும். பாதிக்கப்பட்ட ஒப்பந்தப்புள்ளியாளர் அரசிடம் மேல்முறையீடு செய்யப் பிரிவு 11 வழி தருகிறது. தொழிலாளிக்கு அப்பிரிவில் இடமில்லை. அந்தக் கணக்கை அவருக்காகப் போட்டுக் காட்டுவது நம் பொறுப்பு.