கிராமப்புறப் பள்ளிகளில் ஆசிரியர்களின் மின்னணு ஆயத்தநிலை

கணினி, கைபேசி, இணையம் ஆகியவற்றைக் கொண்டு பாடம் நடத்த ஓர் ஆசிரியருக்கு இருக்கும் விருப்பம், பயிற்சி, வசதி மூன்றும் சேர்ந்ததே மின்னணு ஆயத்தநிலை. புதிய தொழில்நுட்பத்தை மனிதர்கள் எப்போது ஏற்கிறார்கள் என்பதை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஃபிரெட் டேவிஸ், 1989இல் இரண்டு காரணங்களை முன்வைத்தார். ஒன்று, வேலைக்கு அது உதவும் என்ற நம்பிக்கை. மற்றொன்று, கையாள எளிது என்ற எண்ணம். கிராமப் பள்ளியைப் பொறுத்தவரை நேரத்தையும் இவற்றோடு சேர்க்க வேண்டும்.

விருப்பம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் ரஞ்சித்சிங் திசாலே நல்ல சான்று. சோலாப்பூர் மாவட்டம் பரிதேவாடி கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்கு 2009இல் அவர் வந்தபோது, மாட்டுத் தொழுவத்துக்கும் கிடங்குக்கும் நடுவே பாழடைந்த கட்டடமாக அது கிடந்தது. பிள்ளைகளின் வீட்டு மொழி கன்னடம். அவர் கன்னடம் கற்றுப் பாடங்களை மொழிபெயர்த்தார். பாடநூலில் கியூஆர் குறியீடுகளைச் சேர்த்து ஒலிப்பதிவுகளும் காணொலிகளும் கிடைக்கச் செய்தார். 2020இல் உலக ஆசிரியர் விருது பெற்று, 10 லட்சம் டாலர் பரிசில் பாதியை மற்ற இறுதிச் சுற்றுப் போட்டியாளர்களுக்குப் பகிர்ந்தளித்தார்.

தமிழ்நாட்டில் 2018இல் வந்த புதிய பாடநூல்களிலும் கியூஆர் குறியீடுகள் உண்டு. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பின்னர் 79,723 ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினிகளும், 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் திட்டமிடப்பட்டன.

ஆனால் ஈராசிரியர் பள்ளியின் காலைப்பொழுது வேறு மாதிரி. ஐந்து வகுப்புகளையும் இருவரே பார்க்க வேண்டும். மணி அடித்ததும் கைபேசியில் வருகைப் பதிவு. டவர் கிடைக்காவிட்டால் மதில் ஓரம் வரை போய்த்தான் அனுப்ப முடியும். அதன்பின் பள்ளிக் கல்வித் துறையின் தகவல் மேலாண்மைத் தளமான எமிஸில் ஏற்ற வேண்டிய நலத்திட்ட விவரங்கள், இணையவழி மதிப்பீடுகள். இந்தப் பணிச்சுமையைக் குறைக்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் பலமுறை குரல் எழுப்பியிருக்கின்றன. இவர்கள் கைபேசிக்கு அஞ்சுபவர்கள் அல்லர். நாள்தோறும் அதில் வேலை செய்பவர்கள். அந்த வேலை பாடமாக இல்லை என்பதுதான் வருத்தம்.

பயிற்சியைப் பொறுத்தவரை, கேரளம் 2001லேயே ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கியது. பணியிலிருக்கும் ஆசிரியர்களையே முதன்மைப் பயிற்றுநர்களாக்கி, கட்டற்ற மென்பொருளைப் பழக்கியது. 4,752 பள்ளிகளின் 45,000 வகுப்பறைகளுக்குக் கருவிகள் சென்றபோது, ஐயம் கேட்கச் சக ஆசிரியர்கள் இருந்தார்கள். தமிழகத்தின் அடுத்த பயிற்சித் திட்டம் ஈராசிரியர் பள்ளிகளிலிருந்து தொடங்க வேண்டும். பதிவேற்றும் பணிக்குத் தனி ஆளை அமர்த்திய பிறகு.