பேரப்பிள்ளைகளை வளர்க்கும் முதியவர்கள்: சிலாவத்துறையில் ஊர் செய்யக்கூடியவை

மன்னாரின் தெற்குக் கரையிலுள்ள எங்கள் சிலாவத்துறையில், அறுபது எழுபது வயதில் மறுபடியும் பிள்ளை வளர்க்கும் அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் இருக்கிறார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கைக்குழந்தையோடு புத்தளம் போன தாய்மார் இன்று அந்த வயதில் நிற்கிறார்கள். 2007 செப்டெம்பரில் இராணுவம் சிலாவத்துறையைக் கைப்பற்றிய காலத்தில் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களிலும் இதே கதைதான். போரில் பெற்றோரை இழந்து முதியவர்களிடம் வளர்ந்த பிள்ளைகளில் பலர் இப்போது பெரியவர்களாகிவிட்டார்கள். இன்று நான் பார்க்கும் வீடுகளில் கூடுதலான காரணம் தாயின் வெளிநாட்டு வேலை. அடுத்த காரணங்கள் பெற்றோரின் பிரிவும் மரணமும்.

இந்த வீடுகளுக்கு ஊர் சும்மா இருப்பதில்லை. கரைக்கு வந்த மீனில் ஒரு பங்கு போகிறது. நோன்புக்கும் நத்தாருக்கும் உடுப்பு வருகிறது. ஆனால் பிள்ளையின் பொறுப்பு யாருடையது என்று அலுவலகத்தில் கேட்கும்போது அம்மம்மாவிடம் காட்ட ஒரு தாளும் இருப்பதில்லை. வளர்ப்பது அவர், கையெழுத்திடும் உரிமை வேறொருவருக்கு. அந்த இடத்தில்தான் உதவி தேவை.

தாய் வெளிநாடு போவதற்கு முன்னரே சிலவற்றைச் செய்து வைக்கலாம். பிறப்புச் சான்றிதழின் பிரதிகள், தடுப்பூசிப் பதிவு, பாடசாலைப் பதிவு, வங்கிப் புத்தகம் ஆகியவை ஒரே உறையில் முதியவரின் கையில் இருக்கட்டும். பாடசாலை அதிபருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பிள்ளை யாரிடம் இருக்கிறது என்று எழுத்தில் தெரிவியுங்கள். அஸ்வெசும பதிவில் பிள்ளை எந்த வீட்டின் உறுப்பினராக இருக்கிறது என்பதையும் பாருங்கள்.

பெற்றோர் இறந்திருந்தால், அல்லது பிள்ளையைக் கைவிட்டிருந்தால், கடிதம் போதாது. 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையை உறவினர் ஒருவரிடம் ஒப்படைத்து நீதிமன்றம் கட்டளையிடலாம். அதற்கு முதலில் பேசவேண்டியவர் நன்னடத்தை உத்தியோகத்தர். பிரதேச செயலகத்திலுள்ள சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் வழிகாட்டுவார். வறிய பிள்ளைகளுக்கு நன்கொடையாளர் மூலம் மாதாந்த உதவி தரும் ‘செவன சரண’ திட்டத்தைப் பற்றியும் அவரிடமே கேட்கலாம். பிள்ளைக்குத் துன்புறுத்தல் நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

முதியவரிடம் பிள்ளை இருப்பது குறைபாடு என்று சிலர் நினைத்து, விடுதியில் சேர்க்கச் சொல்கிறார்கள். 2009 இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் பிள்ளையைக் குடும்பத்துக்குள் வைத்திருப்பதையே முதலில் பார்க்கச் சொல்கின்றன. வறுமை மட்டும் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் காரணமாகாது என்றும் அவை சொல்கின்றன. அப்படியானால் அந்தக் குடும்பத்தைத் தாங்குவது ஊரின் வேலை.

எங்கள் ஊர்களில் மரணாதாரச் சங்கம் எப்படி நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மாதாமாதம் சிறு தொகை சேர்க்கிறோம், சாவு நடந்த வீட்டுக்குக் கேட்காமலே கொடுக்கிறோம். அதே ஒழுங்கில் பேரப்பிள்ளை வளர்க்கும் வீடுகளுக்கும் ஒரு சிறு நிதி வைக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகமும் பங்குச் சபையும் மாதர் சங்கமும் சேர்ந்தால் தமிழ், முஸ்லிம் என்ற பிரிவின்றி ஒரே பட்டியல் வைத்திருக்கலாம். பணம் இல்லாமலும் செய்யக்கூடியவை உண்டு. அப்பப்பாவுக்குக் கிளினிக் நாள் வந்தால் பிள்ளையின் பாடசாலை தடைப்படாமல் ஒருவர் கூடப் போகலாம். மாலையில் பாடம் சொல்லிக் கொடுக்க ஓர் உயர்தர மாணவி போதும். பெற்றோர் கூட்டத்துக்கு அயல் வீட்டார் துணை போகலாம்.

கடைசியாக ஒன்று. எழுபது வயது முதியவரிடம் ஏழு வயதுப் பிள்ளை இருந்தால், பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்போது அவருக்கு எண்பத்தொன்று. அவர் படுத்துவிட்டால் பிள்ளை யாரிடம் போகும்? இதைக் கேட்பது அபசகுனம் என்று தள்ளிப்போடாதீர்கள். அவர் நன்றாக இருக்கும்போதே பெரியம்மாவோ மாமாவோ ஒருவரைப் பேசி வைத்து, அந்தப் பெயரை நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் சொல்லி வையுங்கள்.