ரேகையும் பெயரும்

சில மாதங்களுக்கு முன்பு ஒரு நியாயவிலைக் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் இளையரசனேந்தலில் பிறந்து, கரிசல் காட்டில் களை வெட்டியும் பருத்தி எடுத்தும் வாழ்நாளைக் கழித்த ஒரு மூதாட்டி. விரல்ரேகை பதியும் கருவியில் வலக்கைப் பெருவிரலை வைத்தார், கருவி ஏற்கவில்லை. சுட்டுவிரலை வைத்தார், பிறகு இடக்கை விரல்களை வைத்தார். முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தும் பயனில்லை. விற்பனையாளருக்கு அவரைப் பல ஆண்டுகளாகத் தெரியும். "ஒங்கள எனக்குத் தெரியும் ஆச்சி, மெஷினுக்குத் தெரியலையே" என்றார். வேறு வழியில் பதிவு செய்து அரிசியையும் கொடுத்துவிட்டார். "ஒழைச்சு ஒழைச்சு ரேகையே அழிஞ்சு போச்சுய்யா" என்று சொல்லிக்கொண்டே ஆச்சி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அன்று வீடு திரும்பிய பின்னும் அந்த உரையாடல் மனத்தைவிட்டு அகலவில்லை. ஒருவரை இன்னார் என்று அறிவது எதனால்? தனித்தன்மை என்று நாம் சொல்வது எங்கே இருக்கிறது? 'ஆளுமை' என்னும் சொல்லை வகுப்பறையில் நாளும் பயன்படுத்துகிறோம். அதற்கு இணையான ஆங்கிலச் சொல், நாடக முகமூடியைக் குறித்த 'பெர்சோனா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பிறர் காணும் முகத்திலிருந்து பிறந்தது அந்தச் சொல். நம் சொல்லோ 'ஆள்' என்பதை அடியாகக் கொண்டது. அந்த ஆளை அடையாளம் காண மனிதர் எடுத்த முயற்சிகளின் வரலாறு வியப்பும் வேதனையும் கலந்தது.

நவீன காலத்தில் கைரேகையை அரசு அலுவலில் பயன்படுத்தத் தொடங்கிய இடம் நம் நாடுதான். 1858-இல் வங்காளத்தின் ஜங்கிபூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலை போடுவதற்கான பொருள் வழங்க ஒப்பந்தம் செய்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளில் பதித்துக்கொண்டார். பின்னாளில் 'இது நான் இட்ட கையெழுத்தன்று' என்று அவர் மறுத்துவிடாதிருக்க அச்சுறுத்துவதே நோக்கம். ஒரு மனிதனின் சொல்லை நம்பாத இடத்தில் அவன் தோலை நம்பத் தொடங்கினார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

1892-இல் பிரான்சிஸ் கால்டன் விரல்ரேகைகளைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். ரேகை வாழ்நாள் முழுவதும் மாறாதது, ஒருவரது மற்றொருவரதைப் போல் இராதது என்பதற்கு அறிவியல் அடிப்படை தந்த நூல் அது. ஆனால் கால்டன் தேடியது அதற்கும் மேலே. ரேகையிலிருந்து ஒருவரின் இனத்தையும் அறிவையும் குணத்தையும் படித்துவிட முடியும் என்று அவர் எதிர்பார்த்தார். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. அதை அவரே ஏமாற்றத்துடன் ஒப்புக்கொண்டார். என் பார்வையில் அந்த ஏமாற்றம்தான் அவருடைய ஆய்வின் மிகச் சிறந்த முடிவு. கருவிலேயே உருவாகி, ஒரே முகச்சாயல் கொண்ட இரட்டையரையும் பிரித்துக் காட்டும் அந்தக் கோடுகள், இருவரில் எவர் இரக்கமுள்ளவர் என்பதைச் சொல்வதில்லை. வேற்றுமை வேறு, ஆளுமை வேறு.

1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் பெரும்பங்கு ஆற்றியவர்கள் அஜிஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்னும் இரு இந்திய அலுவலர்கள். அம்முறையோ அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் வழங்கலாயிற்று. மனிதரைத் தனித்தனியே அடையாளம் காணும் வழியைக் கண்டவர்களின் பெயர்களே பின்னுக்குப் போயின.

இந்த வரலாற்றின் கொடிய பக்கம் நம் தென்மாவட்டத்தில் எழுதப்பட்டது. 1871-இல் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தப்பட்டபின் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அறிவிக்கப்பட்ட சமூகத்தினர் தம் விரல்ரேகையைப் பதிய வேண்டும். உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் மக்கள் அதற்கு உடன்படவில்லை. 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். அச்சட்டம் சென்னை மாகாணத்தில் விலக்கப்பட 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரின் ரேகையும் தனியானது என்று அறிந்தே அரசு அதைப் பதிந்தது. அதே அரசு, இந்தக் குலத்தில் பிறந்த அனைவரும் ஒரே குணத்தினர் என்றும் சட்டம் இயற்றியது. விரலுக்கு அளித்த தனித்தன்மையை மனிதனுக்கு அளிக்கவில்லை.

அப்படியானால் ஒருவர் தம்மைத் தாமே இன்னார் என்று சொல்லிக்கொள்ளும்போது எதைச் சொல்கிறார்? இதற்கு விடை தேட நான் தொலைவு போகவில்லை. இளையரசனேந்தலுக்குப் பக்கத்திலேயே கழுகுமலை இருக்கிறது. முடிவுபெறாத வெட்டுவான் கோயிலைக் காணப் போகிறவர்கள், மேலே பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் சமணத் தீர்த்தங்கரர் உருவங்களையும் பார்த்திருப்பீர்கள். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அதே அமர்ந்த நிலை, அதே முக்குடை, அதே அமைதி. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தறிவது கடினம். ஆனால் உருவங்களின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன; ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள்.

அவற்றில் துறவியர் இருக்கிறார்கள். தொழில் செய்து பிழைத்த எளியவர்களும் இருக்கிறார்கள். குரத்திகள் எனப்பட்ட பெண் சமண ஆசிரியர்கள் இருக்கிறார்கள். திருச்சாரணம், கோட்டாறு, திருநறுங்கொண்டை என்று ஊர்ப்பெயர்கள் வருகின்றன. இன்ன ஊர், இன்னாரின் மாணாக்கர், இன்னாருக்காகச் செய்வித்த திருமேனி என்பதே பொதுவான அமைப்பு. இவர்கள் எவரும் தம் முகத்தைச் செதுக்கி வைக்கவில்லை. ஊர், ஆசிரியர், தம் அன்புக்குரியவர், தாம் செய்த செயல் ஆகியவற்றையே தம் அடையாளமாக விட்டுச் சென்றார்கள். ஒரே மாதிரியான உருவங்களின் கீழ் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் வேறு வேறானவர்களாகவே நிற்கிறார்கள்.

நம் இலக்கிய மரபும் இதற்கு நெருக்கமான ஒன்றைச் சொல்கிறது. அகத்திணைப் பாடல்களில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. காதலும் பிரிவும் எல்லார்க்கும் பொது என்பதே காரணம். ஆனால் அந்தப் பொது உணர்வைப் பாடிய புலவரைப் பாருங்கள். குறுந்தொகையில் இயற்பெயர் தெரியாத பலரை அவர்கள் பாடலில் வரும் தொடராலேயே அழைக்கிறோம்: செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார். பெற்றோர் இட்ட பெயர், பிறந்த ஊர், தோற்றம் எல்லாம் மறைந்துவிட்டன. ஓர் அணில் விளையாடும் வெறிச்சோடிய முற்றத்தை ஒருவர் கண்ட விதம் மட்டும் எஞ்சியது. அதுவே அவர் பெயராயிற்று.

தனித்தன்மை பிறப்பிலேயே நமக்கு வழங்கப்பட்டுவிடுகிறது; ரேகை அதற்குச் சான்று. ஆளுமையை நாம் உலகைப் பார்க்கும் விதத்தாலும் செய்யும் செயலாலும் ஈட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் படித்தறிய மற்றொரு மனிதர் வேண்டும். 2009-இல் ஆதார் ஆணையம் அமைக்கப்பட்டது முதல் பத்து விரல்களும் இரு கருவிழிகளும் நம் அடையாளமாகி வருகின்றன. போலிகளைத் தடுக்க அதற்குப் பயன் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆச்சியின் அறுபதாண்டு உழைப்பு எந்த ரேகையை அழித்ததோ, அந்த உழைப்புதான் அவருடைய ஆளுமை. கருவி படிக்கத் தவறியதை விற்பனையாளர் படித்தார். அப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் கடைக்கு உள்ளே இருக்கும்வரை கவலையில்லை. அவர் இடத்தில் நாளை கருவி மட்டுமே இருக்குமானால், ஆச்சி தம்மை யாரிடம் நிரூபிப்பார்?